புதிய லினக்ஸ் போடும்போது மிரட்டும் சிக்கல்கள்: குற்றாலத்தில் இரண்டு லேப்டாப், இரண்டு நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் குற்றாலத்தில் இரண்டாவது சீசன் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் வரும் சாரல் கூட்டம் வேறு, இது வேறு. மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ பேரருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஐந்தருவி ரோட்டில் என் மாமாவுக்கு எட்டு ரூம் உள்ள ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. 2025 நவம்பரில், அந்தக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"ஏல மருமவனே, நம்ம பெட்டி தெனமும் என்னமோ சொல்லிக்கிட்டே கெடக்கு. இனிமே பாதுகாப்பு கெடையாதாம்லா? சனிக்கெழம வாரியா?"

பெட்டி என்று அவர் சொன்னது 2017இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுபோயின. அதற்குப் பிறகு ஓராண்டுக்குக் கூடுதல் அப்டேட் பெற ஒரு திட்டத்தை அறிவித்தார்கள் என்றாலும் அது தள்ளிப்போடுவதுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும்தான் அதற்குத் தகுதி. மாமாவுடையது 7ஆம் தலைமுறை ஐ3. லேப்டாப்போ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் இருக்கும் பலரும் இப்போது லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் நான். குற்றாலம் ஐந்தே கிலோமீட்டர். சாஃப்ட்வேர் வேலையில் தினமும் லினக்ஸில்தான் புழங்குகிறேன், இதில் என்ன பெரிய கஷ்டம் வந்துவிடப் போகிறது என்ற நினைப்போடு சனிக்கிழமை பைக்கை எடுத்தேன். ஞாயிறு இரவு வீடு திரும்பும்போது அந்த நினைப்பு போயிருந்தது. முதல்முறை லினக்ஸ் போட்டுப் பார்க்க நினைக்கும் வாசகர்கள் அதே இடங்களில் தடுக்கி விழாமல் இருக்க, நடந்ததை நடந்தபடியே இங்கு எழுதுகிறேன்.

எந்த லினக்ஸ்?

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007லேயே வெளிவந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து அதையும் பதித்தே கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அந்த லேப்டாப் வாங்கிய அண்ணன்கள் முதலில் செய்த வேலை, கேம்ஸுக்கு இடம் வேண்டும் என்று பாஸை அழித்ததுதான். அது வேறு கதை.

மாமாவுக்காக நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசை 2024 ஜூலையில் வெளியானது. உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது. 2029 வரை அப்டேட் உண்டு. கீழே மெனு பட்டனும் டாஸ்க்பாரும் இருக்கும் என்பதால் விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. பழைய லேப்டாப், ஹார்ட் டிஸ்க் என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்தான் நல்லது. அழகான அனிமேஷன்களைப் பார்த்து மயங்கி வேறு பதிப்பைப் போட்டால், மெனு திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மின்ட் தளத்திலிருந்து கிடைக்கும் ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. சினிமா ஃபைலைப் போடுவதுபோல அதை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் லேப்டாப் அதிலிருந்து பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற புரோகிராம் ஒன்றைக் கொண்டு எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் ஏற்கனவே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்லோட் ஆன ஃபைல் சரியானதுதானா என்று, தளத்தில் தந்திருக்கும் செக்சம் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். வேண்டாத வேலை என்று தோன்றும். ஆனால் 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள்ளேயே திருடர்கள் நுழைந்து, டவுன்லோட் இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவை மக்கள் தலையில் கட்டினார்கள். சில நிமிட வேலைதான், செய்துவிடுங்கள்.

டி டிரைவில் பத்திரமாக இருந்தது என்ன?

பென்டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12 கீயைத் தட்ட, பூட் மெனு வந்தது. (கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். எஃப்9, எஃப்2, எஸ்கேப் என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.) பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் சிறிது நேரத்தில் மின்ட் டெஸ்க்டாப் திரையில் நின்றது. இதைத்தான் லைவ் முறை என்கிறோம். எல்லாம் பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. டெஸ்க்டாப்புக்குப் பதில் வெறும் கறுப்புத் திரை வந்தால் பயப்பட வேண்டாம். மறுபடி பூட் செய்து, மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் கிராபிக்ஸ் தகராறுதான்.

இன்ஸ்டால் செய்ய அவசரப்படாமல் லைவ் முறையிலேயே அரை மணி நேரம் செலவழியுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சத்தம் வருகிறதா, வைஃபை தெரிகிறதா, டச்பேட் நகர்கிறதா, கேமரா எரிகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். இங்கே மக்கர் செய்வது இன்ஸ்டால் செய்த பிறகும் பெரும்பாலும் மக்கர் செய்யும். மாமாவின் லேப்டாப்பில் வைஃபை மட்டும் தெரியவில்லை. சரி, பிறகு பார்ப்போம் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது பேக்கப். மாமாவுக்கு முக்கியமானது ஒரே ஒரு எக்செல் ஃபைல். வருடா வருடம் வரும் குருசாமிகள், அவர்களுடைய போன் நம்பர், குழுவில் எத்தனை சாமிகள், எந்த ரூம், எவ்வளவு அட்வான்ஸ் என்று ஆறு வருடக் கணக்கு அதில் இருந்தது. கார்த்திகை ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் இவரே போன் போட்டு "சாமி, இந்தத் தடவ என்னைக்கு வாரீங்க?" என்று கேட்பார். அவருடைய வியாபாரமே அந்தப் பட்டியல்தான்.

"மாமா, அந்த ஃபைல் எங்க இருக்கு?"

"டி டிரைவ்லல்லா பத்திரமா வச்சிருக்கேன். நீ சி-ய மட்டும் அழிச்சிட்டு ஒன் சாமானத்தப் போடு."

இங்கே இரண்டு கண்ணிகள் இருந்தன. முதலாவது, சி டிரைவ், டி டிரைவ் என்பவை இரண்டு டிஸ்க்குகள் அல்ல. பெரும்பாலான வீட்டு லேப்டாப்களில் ஒரே டிஸ்க்கைப் பாகம் பிரித்து இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். ஒரே வீட்டில் நடுவில் சுவர் எழுப்பி அண்ணன் பாகம், தம்பி பாகம் என்பதுபோல. லினக்ஸ் இன்ஸ்டாலரில் 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது வீட்டையே இடித்துவிடும். சியும் போகும், டியும் போகும். லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது என்பதால், புதியவர்களுக்குத் தாங்கள் எதை அழிக்கப் போகிறோம் என்பதே திரையைப் பார்த்தால் விளங்காது.

இரண்டாவது கண்ணி இதைவிட மோசம். லைவ் முறையிலேயே ஃபைல் மேனேஜரைத் திறந்து, டி டிரைவாக இருந்த பாகத்துக்குள் போனேன். மாமா சொன்ன பெயரில் ஃபைல் இருந்தது. ஆனால் அதன் வால் எக்செல் ஃபைலுக்கு உரிய வாலாக இல்லை. பெயரின் கடைசியில் எல்என்கே என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அளவு 2 கேபி. ஆறு வருடக் கணக்கு 2 கேபிக்குள் எப்படி அடங்கும்?

அது ஃபைலே இல்லை, ஷார்ட்கட். எப்போதோ யாரோ டெஸ்க்டாப்பிலிருந்த ஃபைலுக்கு ஷார்ட்கட் ஒன்றை உருவாக்கி டி டிரைவில் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் அந்த எல்என்கே வாலை மறைத்துவிடும். ஐகானும் எக்செல் ஐகானாகவே தெரியும், மூலையில் ஒரு குட்டி அம்புக்குறியைத் தவிர. மாமா தினமும் அதைத்தான் டபுள் கிளிக் செய்து திறந்துகொண்டிருந்தார். உண்மையான ஃபைல், அவர் அழிக்கச் சொன்ன சி டிரைவில், டெஸ்க்டாப் போல்டரில் கிடந்தது. பேக்கப் எடுக்கிறேன் என்று டி டிரைவை மட்டும் காப்பி செய்துவிட்டு இன்ஸ்டால் பட்டனைத் தட்டியிருந்தால்? நினைத்துப் பார்க்கவே அடிவயிறு கலங்கியது. மாமாவிடம் அப்போது சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியும்.

சி டிரைவில் யூசர்ஸ் போல்டருக்குள் அவர் பெயரில் இருந்த போல்டர் முழுவதையும், டி டிரைவ் முழுவதையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தேன். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி, நான் கொண்டுபோயிருந்த என் லேப்டாப்பில் செருகி, அந்த எக்செல் ஃபைலைத் திறந்து, கடைசி வரி வரை உருட்டிப் பார்த்தேன். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காத பேக்கப்பை நான் இப்போதெல்லாம் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸைப் போடுவது இதைவிடப் பாதுகாப்பான வழி. வேகமும் கூடும். மாமாவிடம் சொன்னதற்கு, "சீசன் முடியட்டும்ல, பாப்போம்" என்றார்.

வைஃபையும் நீலத் திரையும்

இன்ஸ்டால் செய்வது கால் மணி, அரை மணி விஷயம், அதை விவரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது, லேப்டாப் பேட்டரியோ பத்து நிமிடம்கூடத் தாங்காது. லாட்ஜில் இன்வெர்ட்டர் இணைப்பு உள்ள பிளக் எது என்று கேட்டு, அங்கே தூக்கிக்கொண்டு போய் வைத்த பிறகுதான் ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

இனி வைஃபை. சில வைஃபை சிப்களுக்கு லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்கும், போட்டவுடன் வேலை செய்யும். பிராட்காம் சிப்கள் சிலவற்றுக்கும் ரியல்டெக் சிப்கள் சிலவற்றுக்கும் டிரைவரைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற கோழி-முட்டைப் பிரச்னைக்குச் சுலபமான வழி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்ட் போனை யுஎஸ்பி வயரால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் வேண்டாம்.

நெட் வந்ததும் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். வைஃபைக்கு ஒரு டிரைவர் இருக்கிறது என்று காட்டியது. டிக் செய்து அப்ளை கொடுத்தேன். நடுவில் செக்யூர் பூட் பற்றி ஏதோ சொல்லி, ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. ஏதோ ஒன்றை வைத்து, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, அத்தை கூப்பிட்டார்களே என்று ஆப்பம் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, வைஃபை மட்டும் பழையபடி இல்லை. டிரைவர் போடப்பட்டுவிட்டது என்கிறது டிரைவர் மேனேஜர். வைஃபையோ வரவே இல்லை. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். செக்யூர் பூட் என்பது லேப்டாப்பின் வாசலில் நிற்கும் காவலாளி. நம்பகமானவர்களின் டிஜிட்டல் கையெழுத்து உள்ள புரோகிராம்களை மட்டுமே பூட் நேரத்தில் உள்ளே விடுவார். லினக்ஸ் கர்னலும் அதே ஒழுங்கைத் தன் டிரைவர்களிடம் எதிர்பார்க்கும். நாம் சேர்த்த டிரைவரோ நம் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் ஆனது, அதற்கு யாருடைய கையெழுத்தும் இல்லை. எனவே லினக்ஸ் அங்கேயே ஒரு சாவியை உருவாக்கி, அதைக்கொண்டு டிரைவருக்குக் கையெழுத்துப் போடுகிறது. 'இந்தச் சாவியை நம்பலாம்' என்று அடுத்த பூட்டின்போது ஒரு மனிதர் கீபோர்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஏதோ ஒரு வைரஸ் தானாகவே சாவி செய்து உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அப்படிச் சொல்வதற்கான திரை நீல நிறத்தில் வரும். விண்டோஸ் செத்தால் வரும் நீலத் திரைபோலவே இருப்பதால் பலர் பதறி பவர் பட்டனை அமுக்கிவிடுவார்கள். நான் அதுகூடச் செய்யவில்லை, ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் அது பாட்டுக்கு லினக்ஸுக்குள் போய்விடும்.

டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டேன், பாஸ்வேர்டு மறுபடியும் கேட்டது. இந்த முறை இடத்தைவிட்டு நகரவில்லை. நீலத் திரை வந்ததும் ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கன்டின்யூ, யெஸ் கொடுத்து, வைத்த பாஸ்வேர்டை டைப் செய்து, ரீபூட் கொடுத்தேன். வைஃபை வந்துவிட்டது. அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க முறையில்தான் இருக்கும், டைப் செய்வதும் கண்ணுக்குத் தெரியாது. எனவே சிறப்புக் குறிகள் இல்லாத எளிய பாஸ்வேர்டாக வையுங்கள். அதைப் பிறகு எங்கும் பயன்படுத்தப் போவதில்லை.

செக்யூர் பூட் இன்னொரு விதத்திலும் காலை வாரியதுண்டு. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் பட்டியலைப் புதுப்பித்தது. லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை அது தொடாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் உலகெங்கும் பலருக்கு லினக்ஸ் பூட் ஆகாமல் 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வந்து நின்றது. இப்படி வந்தால் உங்கள் டிஸ்க்கில் இருப்பவை போய்விட்டதாக நினைத்து எதையும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். வாசலில்தான் தடை, வீட்டுக்குள் எல்லாம் அப்படியே இருக்கும்.

கணக்கு வந்தது, தமிழ் வரவில்லை

எக்செல் ஃபைல் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் சுத்தமாகத் திறந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலைந்து சாமிகளின் பெயரைத் தேடிப் பார்த்துத் திருப்தியானார். பிறகு, ரூம் வாடகையும் விதிமுறைகளும் அடங்கிய நோட்டீஸைத் திறந்தோம். அருவியில் வெள்ளம் வந்து போலீஸ் தடை போட்டால் லாட்ஜ் பொறுப்பல்ல என்பதுவரை விலாவாரியாக எழுதியிருப்பார். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாக ஏதோ சாபம் விட்டதுபோல் இருந்தது.

"ஏல, இதக் கெடுத்துட்டியே!"

கெடவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் டைப் செய்த ஃபைல்கள் இப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள், அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது அந்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது. யூனிகோடை அரசு பயன்பாட்டுக்கான தரமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததே 2010இல்தான். அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவிலேயே டைப் செய்யும் டிடிபி சென்டர்கள் ஏராளம்.

விண்டோஸ் இருக்கும்போதே, சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரையும் காப்பி செய்துவைக்க வேண்டும் என்பது இதனால் கற்ற பாடம். நான் காப்பி செய்யவில்லை. நல்லவேளை, நோட்டீஸ் அடித்துக்கொடுத்த தென்காசி டிடிபி சென்டர்காரர் அந்த எழுத்துரு ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்ததும் நோட்டீஸ் தமிழுக்குத் திரும்பியது. புதிதாக டைப் செய்ய, இன்புட் மெத்தட் பகுதியில் தமிழைச் சேர்த்து தமிழ்99 முறையை வைத்துக் கொடுத்தேன். ஒலிப்பு முறையும் அங்கேயே இருக்கிறது, அவரவர் விருப்பம்.

48 இலக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாமா மகளின் முறை. இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய புது லேப்டாப், விண்டோஸ் 11. "அத்தான், லேபில லினக்ஸ்தான். எனக்கும் போட்டுக் குடுங்க, ஆனா விண்டோஸும் வேணும்" என்றாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது, டூயல் பூட்.

முந்தின நாள் மோக் திரையில் பட்டது நினைவிருந்ததால், இந்த முறை செக்யூர் பூட்டையே முதலில் ஆஃப் செய்துவிடுவோம் என்று பயாஸுக்குள் போய் ஆஃப் செய்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன சொல்ல. லைவ் முறையில் எல்லாம் அருமையாக ஓடியது. விண்டோஸுக்குப் போய் லினக்ஸுக்கு இடம் ஒதுக்கலாம் என்று ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில், பிட்லாக்கர் ரெகவரி கீயை டைப் செய்யச் சொல்லி 48 இலக்கத்துக்குக் கட்டம்.

"அது என்ன அத்தான்?" என்றாள். பிறகு, "நாளைக்கு மினி புராஜெக்ட் ரிவ்யூ. எல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள்.

இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டே இருக்கும். முதல்முறை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் கொடுத்து நுழையும்போதே, கேட்காமல் கொள்ளாமல் அது நடந்துவிடும். சாவியை லேப்டாப்பில் உள்ள டிபிஎம் என்ற சிப் வைத்திருக்கும். காவலாளி மாறாமல் இருக்கும்வரை சிப் தானாகவே சாவியைக் கொடுக்கும், நமக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. செக்யூர் பூட்டை நான் ஆஃப் செய்ததும், யாரோ வாசலை உடைத்துவிட்டார்கள் என்று சிப் சாவியைத் தர மறுத்துவிட்டது. லேப்டாப் திருடு போனால் திருடனால் ஃபைல்களைப் பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடுதான், திருடன் நாமாக இல்லாதவரை.

அந்த 48 இலக்க எண் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் சேமிக்கப்பட்டிருக்கும், வேறு போனிலிருந்து உள்ளே போய் எடுக்கலாம். எந்த அக்கவுன்ட் என்று கேட்டேன். விழித்தாள். வாங்கும்போது கடையிலேயே ஒரு பையன் எல்லாவற்றையும் 'செட் செய்து' கொடுத்தானாம். என்ன மெயில் ஐடி, என்ன பாஸ்வேர்டு என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு.

அந்த நேரத்தில் என் கை செய்யத் துடித்த காரியங்கள் பல. நல்லவேளை, எதையும் செய்யவில்லை. பதற்றத்தில் விண்டோஸை ரீசெட் செய்தாலோ, பயாஸில் டிபிஎம் சிப்பை கிளியர் செய்தாலோ கதை முடிந்தது, பிறகு அந்த எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதானே, அதையே திருப்பி வைப்போம் என்று பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்தேன். ரீஸ்டார்ட். லோகோ சுற்றியது, சுற்றியது, விண்டோஸ் வந்தது. காவலாளி பழையபடி நிற்பதைப் பார்த்து சிப் சாவியைக் கொடுத்துவிட்டது. அவள் உடனே பென்டிரைவைச் செருகி புராஜெக்ட் போல்டரை இழுத்துப் போட்டாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனவே புது லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போகிறவர்கள், பயாஸைத் தொடுவதற்கு முன்பே விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸுடன் சேர்த்து லினக்ஸ் போட எப்படியும் அதை ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். பூட்டிய டிஸ்க்கைச் சுருக்க லினக்ஸ் இன்ஸ்டாலரால் முடியாது, அதுவே நிறுத்திச் சொல்லிவிடும். ஆஃப் செய்தால் டிஸ்க் முழுவதையும் திறந்து எழுத நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்து, உங்கள் சொந்த மெயில் ஐடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லினக்ஸ் போடாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பயாஸ் அப்டேட் ஒன்று வந்தால்கூட அந்த 48 இலக்கத்தை அது கேட்கக்கூடும்.

இன்டெல் லேப்டாப் சிலவற்றில் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாமல் போவதும் உண்டு. ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் டிஸ்க் இணைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. அப்போதும் மாற்றியதைத் திருப்பி வைத்தால் விண்டோஸ் வந்துவிடும். பயாஸில் எதைத் தொடுவதாக இருந்தாலும், தொடும் முன் அந்தத் திரையை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செக்யூர் பூட் ஆனிலேயே இருக்க, மின்ட் போட்டு முடித்து வீட்டுக்கு வந்தேன். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன்.

"அத்தான், விண்டோஸ்ல மணி மூன்றரைன்னு காட்டுது. விடியக்காலம் மூன்றரை!"

சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். அந்த எண்ணைக் கேட்டவுடனேயே காரணம் புரிந்துவிட்டது. மதர்போர்டில் பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கும். லினக்ஸோ கிரீன்விச் கணக்கிலான பொது நேரத்தை எழுதிவைத்து, திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். லினக்ஸ் எழுதியதை விண்டோஸ் அப்படியே நம்பினால் இப்படித்தான் ஆகும். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையுடன் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று சேர்த்துக் கொடுத்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். இது நல்ல முறையல்ல என்று லினக்ஸ் ஒரு எச்சரிக்கை தரும். கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் நாடுகளில்தான் அதனால் பெரிய குழப்பம் வரும். நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸ் பாகத்தை லினக்ஸிலிருந்து திறந்தால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்று புதன்கிழமை இன்னொரு போன். அது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காமல் அரைத்தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது.

மாமாவிடமிருந்து மட்டும் ஒரு வாரமாக போனே வரவில்லை. என்னவோ ஏதோ என்று நானே கூப்பிட்டேன். "இப்பம் பேச நேரமில்லல, மதுரை குருசாமி முப்பது சாமியோட வாராரு, ரூமு பிரிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.